பிரிண்டருக்கு உதவி கேட்டவரிடம் வைரஸ் பயத்தை விற்றவர்கள்: ஓர் எச்சரிக்கை

பிரிண்டர் அச்சிடவில்லை என்பதற்காக இணையத்தில் உதவி எண் தேடி அழைத்த என் அத்தானிடம், கணினிக்குள் திருடர்கள் புகுந்துவிட்டதாகச் சொல்லி, இரண்டு ஆண்டுப் 'பாதுகாப்புத் திட்டம்' ஒன்றை விற்றுப் பணம் பறித்திருக்கிறார்கள். அவர் கேட்டது பிரிண்டரைப் பற்றி மட்டுமே. அந்தக் கேள்விக்கு அன்று பதில் வரவே இல்லை. மறுமுனையில் இருந்தவர் அதை அழைப்பின் தொடக்கத்திலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு, அத்தான் கேட்காத கேள்வி ஒன்றுக்கு நீண்ட நேரம் விடை சொல்லியிருக்கிறார். அத்தான் வாழ்நாள் முழுவதும் கணக்கெழுதிப் பழகியவர். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் நேரத்துடன் நோட்டில் குறித்துவைப்பார். அந்த நோட்டையும் கணினியில் எஞ்சியிருந்த தடயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நடந்தது முழுவதும் தெளிவாகிவிட்டது. அதே திரைகளை இன்னொருவருக்குக் காட்டி இதே கதையை யாரேனும் சொல்லும்போது அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் கிடைத்த வழி. பிரிண்டர் நிறுவனத்தின் பெயருடன் 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடியபோது மேலே வந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம், பிரிண்டரின் படம், பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. முகவரிப் பட்டையில் இருந்த பெயர் மட்டும் வேறு. இத்தகைய மூன்றாம் தரப்புத் தொழில்நுட்ப உதவி விளம்பரங்களை மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் 2016 இலேயே தடை செய்தது. 2018 இல் கூகுளும் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் விளம்பரம் என்ற வாசல் குறுகியதே தவிர, வேறு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. வரைபடச் செயலியில் போலி முகவரியுடன் பதிவு செய்வது, பெயர்பெற்ற தளங்களில் கேள்வி பதில் போல எண்ணை எழுதிவைப்பது எல்லாம் பழைய வழிகள். இவற்றைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. உண்மையான நிறுவனத்தின் தளத்தையே திறக்கும்படி ஓர் இணைப்பைத் தந்து, அந்தத் தளத்தின் தேடல் பெட்டிக்குள் தங்கள் எண்ணை முன்கூட்டியே இட்டு வைத்துவிடுவார்கள். முகவரிப் பட்டையில் பார்த்தால் தளம் அசல். திரையில் தெரியும் எண் மட்டும் போலி. ஆகவே 'முகவரியைச் சரிபார்த்தேன்' என்பதுகூட இங்கே முழுக் காப்பு ஆகாது. பிரிண்டரோடு வந்த கையேட்டிலோ பெட்டியிலோ அச்சாகியிருக்கும் முகவரியைக் கையால் தட்டச்சு செய்து உள்ளே போய், அங்கிருந்து எண்ணை எடுப்பதே ஒப்பீட்டளவில் நம்பகமான வழி.

"சார், பிரிண்டர்ல ஒண்ணும் இல்ல, உங்க கம்ப்யூட்டர்தான் அதைத் தடுக்குது" என்பது நோட்டில் உள்ள முதல் வரி. கணினியைப் பார்க்காமலேயே சொன்ன நோய்க்குறி இது. அடுத்து, தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணை வாசிக்கக் கேட்டு, அனுமதிப் பொத்தானை அழுத்த வைத்திருக்கிறார்கள். அந்த வகை மென்பொருளில் தவறு ஏதும் இல்லை. உறவினர்களுக்கு உதவ நானே அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அனுமதி கொடுத்த கணத்திலிருந்து மறுமுனையில் இருப்பவர் நம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இனித்தான் நாடகம். முதலில் திறந்தது ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் அன்றாட நடப்புகளைக் குறித்துவைக்கும் குறிப்பேடு அது. 1993 இல் வந்த முதல் விண்டோஸ் என்டி பதிப்பிலேயே இருந்தது. ஏதேனும் ஒரு சேவை தொடங்கச் சற்றுத் தாமதமானாலும், ஒரு மென்பொருள் தனக்கு உரிமையில்லாத இடத்தைத் தொட முயன்று பின்வாங்கினாலும், அங்கே மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ விழும். நேற்று வாங்கிய புதுக் கணினியில் திறந்தாலும் இவை நிறைந்திருக்கும். அத்தானின் கணினியில் அதிகம் இருந்தது 10016 என்ற எண்ணுள்ள பதிவு. இது செயல்பாட்டைப் பாதிக்காது, விட்டுவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பதிவுகளை வேகமாக உருட்டிக் காட்டி, "ஒவ்வொரு சிவப்பும் ஒரு ஊடுருவல், சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். சிவப்பைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம்தான் அவர்களுக்கு முதலீடு.

பிறகு சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, பல சேவைகள் நின்றுபோயிருப்பதைக் காட்டி, வைரஸ்தான் அவற்றை நிறுத்தியது என்றார்கள். உண்மையில் விண்டோஸின் சேவைகளில் பல, தேவைப்படும்போது மட்டும் எழுந்து, வேலை முடிந்ததும் நிற்கும்படி அமைக்கப்பட்டவை. கணினியின் இணையத் தொடர்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டி வரிசையாக வந்த இணைய முகவரிகளைக் காட்டி, இவர்களெல்லாம் இப்போது உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள் என்றார்கள். உலாவியில் திறந்திருந்த பக்கங்களும் பின்னணியில் ஓடும் புதுப்பிப்புச் சேவைகளும்தான் அந்த முகவரிகள். இடையில் மூன்று எட்டுகளுடன் தொடங்கும் நீண்ட எண் ஒன்றை அவர்கள் வாய்விட்டுப் படிக்க, அதுவே திரையிலும் இருந்ததைக் கண்டு அத்தான் அசந்துபோயிருக்கிறார். அவருடைய கணினிக்கு மட்டுமே உரிய உரிம எண் அது, தங்கள் பதிவேட்டில் இருக்கிறது, ஆகவே தாங்கள் அசல் நிறுவனமே என்பது அவர்களுடைய வாதம். கோப்பு வகைகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் எந்த விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான் வரும். உங்கள் கணினியிலும் வரும், என் கணினியிலும் வரும்.

நோட்டில் அதற்குப் பின் உள்ள வரி: 'ஸ்கேன் ஓடியது. முடிவில் ஹேக்கர் உள்ளே இருப்பதாக வந்தது.' அது ஸ்கேன் அன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ட்ரீ' என்று ஒரு கட்டளை உண்டு; கணினியில் உள்ள கோப்புறைகளின் பெயர்களைக் கிளை கிளையாக எழுதிக்கொண்டே போகும், அவ்வளவுதான் அதன் வேலை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையில் எதையாவது தட்டிவைத்தால், பட்டியல் முடிந்ததும் தட்டிய எழுத்துகள் கடைசி வரியில் வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கணினியே முடிவை அறிவித்தது போலத் தோன்றும். எழுதியவர் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர்!

இவை எதுவும் புதிய வித்தை அன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2012 அக்டோபரிலேயே இத்தகைய கும்பல்கள்மீது நீதிமன்றத்தை நாடியது. இத்தனை ஆண்டுகளாகியும் அதே திரைகள், அதே வசனம். மாற்றத் தேவையில்லாத அளவுக்கு அது வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

விற்பனை முடிந்து, அவர்கள் தந்த பக்கத்தில் அட்டை எண்ணை இட்ட பிறகு நடந்த 'சிகிச்சை'தான் எனக்கு அதிகச் சினத்தை ஊட்டியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் துப்புரவு மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். தற்காலிகக் கோப்புகளை அழித்தார்கள். பிறகு ஈவென்ட் வியூவரை மீண்டும் திறந்து, "இப்பப் பாருங்க சார், ஒரு சிவப்புகூட இல்ல" என்று காட்டினார்கள். நான் போய் அந்தக் குறிப்பேட்டைத் திறந்தபோது அதன் மிகப் பழைய பதிவு 104 என்ற எண்ணுடன் இருந்தது. குறிப்பேட்டை யாரேனும் மொத்தமாக அழித்தால் விண்டோஸ் தானாக எழுதிவைக்கும் வரி அது. அதிலிருந்த நேரமும், நோட்டில் 'எல்லாப் பிழையும் சரியானது' என்று அத்தான் எழுதியிருந்த நேரமும் ஒன்றே. சுத்தப்படுத்தியது கணினியை அன்று, பட்டியலை. அடுத்த சில நிமிடங்களிலேயே 10016 மறுபடியும் வரத் தொடங்கியிருந்ததும் அதே பட்டியலில் தெரிந்தது.

"அப்போ பிரிண்டர்?" என்று அத்தான் கேட்டிருக்கிறார். வைரஸ் முழுவதும் நீங்க 48 மணி நேரம் ஆகும், பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று பதில் வந்திருக்கிறது. ஆகவில்லை. "மாப்பிள்ளை, பாதுகாப்பு எல்லாம் போட்டாச்சு, ஆனா இது மட்டும் ஆஃப்லைன்னே காட்டுது" என்று அவர் என்னை அழைத்தபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. பிரிண்டரின் சிறு திரையிலிருந்து நெட்வொர்க் நிலவரத் தாளை அச்சிட்டுப் பார்த்தேன். அதில் வைஃபை பெயர் என்ற இடத்தில், மாற்றப்பட்டுப் போன பழைய ரவுட்டரின் பெயர் இருந்தது. வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தவர்கள் பிரிண்டரை மறந்திருக்கிறார்கள். அது இல்லாத வைஃபையைத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால் அதையே தேர்ந்து புதிய கடவுச்சொல்லை இட்டேன். வரிசையில் தேங்கியிருந்த பழைய தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. உண்மையாக உதவ நினைக்கும் யாரும் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, 'அண்மையில் ரவுட்டரை மாற்றினீர்களா?' என்பதே. அந்தக் கேள்வி நோட்டில் எங்கும் இல்லை. யாரிடம் உதவி கேட்டாலும் நான் இப்போது கவனிக்கச் சொல்வது இதைத்தான்: நீங்கள் சொன்ன கோளாற்றைப் பற்றி அவர் உங்களிடம் ஏதாவது கேட்கிறாரா, அல்லது உடனே வேறொரு கோளாற்றை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறாரா?

இதே கும்பல்கள் எதிர்த்திசையிலிருந்தும் வரும். உலாவித் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அலறும் ஒலியுடன், இந்த எண்ணை உடனே அழையுங்கள் என்று ஒரு பக்கம் தோன்றும். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நிலை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடிவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு அந்தத் தொலைவுக் கட்டுப்பாட்டு மென்பொருளை நீக்குங்கள். வெறுமனே மூடினால் போதாது, ஏனென்றால் நாம் அனுமதிக்காமலேயே மீண்டும் நுழைவதற்கான நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை அதில் அமைத்துவைக்க முடியும். அத்தானின் கணினியில் அப்படித்தான் அமைத்திருந்தார்கள். கடவுச்சொற்களை அதே கணினியில் உட்கார்ந்து மாற்றாமல் வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. மின்னஞ்சல் அமைப்புகளில், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதும் புதிதாக முளைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் அவர்கள் கண்டுவிட்டதாகவே கொள்ளுங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்ற வசதி உண்டு; விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பவை சிக்க வாய்ப்பு அதிகம், இதற்குக் கட்டணமும் இல்லை. என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்பதில் ஐயம் மிஞ்சினால், சொந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே மேல். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

வங்கிக்கு, அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணில் அழைத்து அட்டையை முடக்கினோம். 'ஏமாந்துவிட்டேன்' என்று பொதுவாகச் சொன்னால் 'நீங்களே ஒப்புக்கொண்டு செலுத்திய பணம்' என்று பதில் வர இடமுண்டு. சொன்ன சேவை தரப்படவில்லை, வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பெற்ற பணம் என்று எழுத்தில் கொடுத்து, நோட்டின் பக்கங்களையும் 104 பதிவின் படத்தையும் பிரிண்டர் தந்த நிலவரத் தாளையும் இணைத்தோம். ஆண்டுதோறும் தானாகப் பணம் எடுக்க அவர்கள் வாங்கிவைத்திருந்த ஒப்புதலும் அப்போதுதான் கண்ணில் பட்டது, அது ரத்தாகிவிட்டது. பணம் திரும்புமா என்பது வங்கியின் விசாரணையில் இருக்கிறது.

அதன் பிறகு ஓர் அழைப்பு வந்தது. நிறுவனத்தை மூடுகிறோம், நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், கணினியை இணைத்து உங்கள் வங்கிப் பக்கத்தைத் திறங்கள் என்றார்கள். இது இரண்டாம் சுற்று. திறந்தால், திரையைக் கறுப்பாக்கிவிட்டு, உலாவியின் டெவலப்பர் கருவிகளால் அந்தப் பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகையை மாற்றி எழுதுவார்கள். வங்கியில் எதுவும் மாறியிருக்காது, பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய தொகையே வரும். புதுப்பிக்க விடாமல், "தவறுதலாக ஒரு சுழியம் கூடிவிட்டது, என் வேலை போய்விடும், மீதியை கிஃப்ட் கார்டாக வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழுது கேட்பார்கள். அத்தான் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுவிட்டு, "எந்தக் கார்டுல எடுத்தீங்களோ அதே கார்டுக்குத் திருப்பிப் போடுங்க, அதுக்கு என் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. வேறு எண்களிலிருந்து, வேறு நிறுவனப் பெயர்களில் அந்த அழைப்பு இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. அத்தான் ஒவ்வொன்றையும் நேரத்துடன் நோட்டில் குறித்து வங்கிக்கு அனுப்பிவருகிறார்.