புது ஃபைபர், பழைய டெஸ்க்டாப்: கேபிளை மாத்தலாமா, யூஎஸ்பி லேன் அடாப்டரா, வைஃபை டாங்கிளா?

புது ஃபைபர் கனெக்‌ஷன் போட்டாச்சு, போன்ல 250, 300னு ஸ்பீடு காட்டுது, ஆனா கேபிள் சொருகின டெஸ்க்டாப்ல மட்டும் 94 எம்பிபிஎஸ்ஸ தாண்ட மாட்டேங்குது, இல்லன்னா நெட்டே வரல. உடனே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்கு ஓடாதீங்க. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈதர்நெட்டைத் தொறந்து லிங்க் ஸ்பீடு 100/100 எம்பிபிஎஸ்ஸா, 1000/1000ஆன்னு பாருங்க, எதை வாங்கணும்ங்கறது பாதி அங்கயே தெரிஞ்சிடும்.

நெட்டே வரலன்னா மொதல்ல காசில்லாத வேலை. பழைய நெட் கம்பெனி ஆளு கையால டைப் பண்ணி வச்ச ஐபி (கம்ப்யூட்டரோட நெட் அட்ரஸ்), டிஎன்எஸ் (சைட் பேரை அட்ரஸா மாத்தித் தர்ற சர்வர்) அப்படியே இருக்கும், அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துங்க. அதுக்கப்புறமும் ஐபி 169.254ன்னு ஆரம்பிச்சா ரூட்டர்கிட்டேந்து அட்ரஸே வரலன்னு அர்த்தம், கேபிளையும் போர்ட்டையும் பாக்கணும்.

என் ஓட்டு கேபிளுக்குத்தான். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு உள்ள இருக்கற எட்டு வயர்ல நாலு போதும், ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ், அதாவது 1 ஜிபிபிஎஸ்) எட்டும் வேணும், அதனால மிச்ச நாலுல ஒண்ணு அறுந்தாலும் நெட் வரும், ஆனா பெரும்பாலும் 100லயே நின்னுடும், கேபிள் மேல யாருக்கும் சந்தேகமே வராது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காத்துல ஜாக்கோட பின்னு பச்சை பூத்துப்போயிருக்கும், கிளிப் ஒடஞ்சு லூசா ஆடும், வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும், கேட் 6 வாங்கினாலும் சரி, அதுக்கு மேல வீட்டுக்கு வேண்டாம். ஆனா காப்பர் பூசின அலுமினியம் கேபிள் விலை கம்மின்னு தலையில கட்டுவாங்க, பியூர் காப்பர்தான் வேணும்னு கேட்டு வாங்குங்க.

யூஎஸ்பி லேன் அடாப்டர், அதாவது யூஎஸ்பில சொருகி அதுல நெட் கேபிள் போட்டுக்கற குட்டிப் பெட்டி, எப்ப? அதே கேபிளை ஒரு ஜிகாபிட் லேப்டாப்ல சொருகினா 1000 காட்டுது, டெஸ்க்டாப்ல மட்டும் 100ன்னா, டிவைஸ் மேனேஜர்ல லேன் கார்டோட ஸ்பீடு லிஸ்ட்டைப் பாருங்க, அதுல 1 ஜிபிபிஎஸ்ஸே இல்லன்னா அந்த லேன் கார்டே அவ்ளோதான். அப்ப அடாப்டர் நல்ல வழி, இடியில போர்ட் போயிருந்தாலும் இதுதான். யூஎஸ்பி 3 போர்ட்ல போடுங்க, யூஎஸ்பி 2 பேப்பர்லயே 480 எம்பிபிஎஸ்தான், கைக்கு அதைவிடக் கம்மியா வரும். லேப்டாப்லயும் 100தான்னா ஃபைபர் பாக்ஸ்ல போர்ட்டை மாத்திப் பாருங்க, சில பாக்ஸ்ல ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட்.

வைஃபை டாங்கிள், அதாவது யூஎஸ்பில சொருகி வைஃபை புடிக்கற குச்சி, கடைசி. செவுத்துல ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடலன்னா மட்டும் வாங்குங்க, அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கறதா. ஃப்ளாட்ல பக்கத்து வீடு, மேல் வீடுன்னு எல்லாரோட வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல முட்டிக்கிட்டு நிக்கும், வீடியோ கால் நடுவுல திக்கும்.

கேபிளை க்ரிம்ப் பண்ண (முனையில ஜாக் மாட்ட) ஆளு வந்தா ரெண்டு முனையும் ஒரே கலர் வரிசையில போடச் சொல்லுங்க. டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியறதை நீங்களே பாத்துட்டு காசைக் குடுங்க.