சேற்றில் 10 கிலோமீட்டர்: நோய்வெர்க் நடை எப்படி?

ஜெர்மனியில் குக்ஸ்ஹாஃபனிலிருந்து நோய்வெர்க் தீவுக்கு, கடல் வற்றும் நேரத்தில், வழிகாட்டியோடு சேற்றில் நடந்தே போகலாம். சுமார் 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரமாவது ஆகும். தளர்ந்த செருப்போடு இறங்காதீர்கள், சேறு பிடுங்கிக்கொள்ளும் (என்னுடைய ஒன்று இன்னும் அங்கேதான்).

வழிகாட்டி அருமை. மண்புழு மாதிரி ஒன்றைத் தோண்டிக் காட்டினார், பறவைக் கூட்டத்தை நோக்கிப் போன ஒருவரை அதட்டித் திரும்ப அழைத்தார். காரணம் இருக்கிறது. நாங்கள் நடந்த, நீர் வற்றினால் சேற்றுவெளியாகும் இந்தக் கரையோரக் கடலுக்கு வாடன் கடல் என்று பெயர், இது டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றுக்கும் பொது, 1978 முதல் சேர்ந்தே பாதுகாக்கிறார்கள், கடல்நாய்களைக்கூட விமானத்தில் பறந்து ஒரே திட்டப்படி எண்ணுகிறார்கள், ஏனென்றால் அவற்றுக்கு எல்லைக்கோடு தெரியாதே! 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, டென்மார்க் பகுதி 2014-ல் சேர்ந்தது. சுற்றுலாவுக்கும் மூவருக்கும் பொதுவான உத்தி உண்டு.

குறை என்றால், எங்கள் குழுவில் நாற்பது பேர், பின்னால் நடந்த எங்களுக்குப் பாதி கேட்கவில்லை, கேட்டதும் ஜெர்மன் மட்டும்தான். திரும்பும் படகுக்குத் தனிக் கட்டணம் என்று முன்பதிவில் சொல்லவும் இல்லை. அப்புறம், நீர் ஏறும்போது சிக்கிக்கொண்டவர்கள் ஏறி ஒதுங்க வழியில் நிற்கும் உயரமான மீட்புக் கூண்டுகளைப் பார்த்தால் தனியாக நடக்கத் தோன்றவே தோன்றாது.