டேர்போ காரின் ஒலிக்குழாய்: விடுவதா, அடைப்பதா, கழற்றுவதா?

வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவியே டேர்போ. அது பொருத்திய எஞ்சின் இயல்பிலேயே அடங்கிய குரல் உடையது. வெளியேறும் புகையின் துடிப்பில் பெரும்பகுதியை டேர்பைன் சக்கரம் உறிஞ்சிவிடுகிறது; உள்ளே போகும் காற்றின் ஓசையை, அதை அழுத்தும் கம்பிரசரும் குளிரவைக்கும் இன்டர்கூலரும் மழுக்கிவிடுகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்கப்படும் வண்டி இப்படி மௌனமாக ஓடுவதை விரும்பாத தயாரிப்பாளர்கள், காற்றுப் பாதையிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, அதில் ஒரு சவ்வை வைத்து, அந்தச் சவ்வின் அதிர்வைக் குழாய் வழியாகப் பயணிகள் அறையின் முன்பக்கத் தடுப்புத் தகடு வரை கொண்டுவந்தார்கள். இதுவே ஒலிக்குழாய். 2005இல் வந்த ஐந்து சிலிண்டர் ஃபோர்ட் ஃபோக்கஸ் எஸ்.டி.யிலும், 2012இல் வந்த நான்கு சிலிண்டர் எஸ்.டி.யிலும் இது உண்டு. பிந்தியதில் ஓசையைத் திறந்து மூட மின்சாரத்தால் இயங்கும் வால்வும் சேர்ந்தது. சவ்வு கிழியாமல் இருக்கும் வரை இந்தக் குழாயில் காற்று ஓடுவதில்லை, ஓசை மட்டுமே கடக்கிறது. ஆகவே இதை எடுப்பதால் எஞ்சினின் வலு கூடாது. குழாய்க்குப் பதிலாக மாட்டினால் வலு கூடும் என்று விளம்பரப்படுத்தப்படும் அடைப்பான்களை அந்த எதிர்பார்ப்போடு வாங்க வேண்டாம்.

பிறகு ஏன் எடுக்க நினைக்கிறார்கள் என்றால், முதற் காரணம் நெடுந்தூர ஓட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் மேல் கியரில் ஒரே சீராகப் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு ஏறத்தாழ 67 தடவையும் மூன்று சிலிண்டரில் 50 தடவையும் எரிப்பு நடக்கிறது. இந்தத் தாழ்ந்த அதிர்வெண்தான் காதை அடைக்கும் முழக்கமாக வந்து சேர்கிறது. வால்வு இல்லாத குழாய்களில் ஓட்டும்போது அதைத் தணிக்க வழியே இல்லை. இரண்டாவது காரணம் முதுமை. வெப்பமும் எண்ணெய்ப் புகையும் பட்டு இறுகிய சவ்வு ஒருநாள் வெடித்தால், ஓசை மட்டும் கடந்த வழியில் அழுத்தக் காற்றும் கசியத் தொடங்கும். முதற் காரணத்துக்காகக் கழற்றுவது விருப்பம். இரண்டாவதற்காகக் கழற்றுவது பழுதுபார்ப்பு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

இந்த வேலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குழாயைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில் ஒப்பிட வேண்டியவை, குழாய் போன பின் மிஞ்சும் இரண்டு ஓட்டைகள்தான். ஒன்று எஞ்சினின் காற்றுப் பாதையில் இருக்கும். மற்றது எஞ்சின் அறையையும் நாம் அமரும் அறையையும் பிரிக்கும் தகட்டில் இருக்கும். எந்த வழி இந்த இரண்டையும் சரியாகக் கவனிக்கிறதோ அதுவே நல்ல வழி.

எதையும் தொடுவதற்கு முன், கிளை எங்கிருந்து பிரிகிறது என்பதைப் பொனட்டைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டிக்கும் டேர்போவுக்கும் இடையில் பிரிந்தால் அங்கே இலேசான உறிஞ்சல் இருக்கும். சரியாக மூடாவிட்டால் வடிகட்டாத தூசி நேரே கம்பிரசர் இதழ்களில் போய் மோதும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வண்டிக்கு இது சிறிய விடயம் அல்ல. டேர்போவுக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலுக்கும் இடையில் பிரிந்தால், டேர்போ உண்டாக்கும் முழு பூஸ்ட் அழுத்தமும் அந்த மூடியின் மீது விழும். த்ரொட்டிலுக்கு அப்பால் பிரிந்தால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் வெற்றிடமும் ஆக்சிலேற்றரை மிதிக்கும்போது அழுத்தமும் மாறி மாறி வரும். மூன்றிலும் கடினமான இடம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து வரி கூடும் நாடு என்பதால், இங்கே வீதியில் காணும் டேர்போ கார்களில் ஆயிரம் சிசி மூன்று சிலிண்டர் வண்டிகள் நிறைய. எல்லா டேர்போ காரிலும் ஒலிக்குழாய் இருப்பதில்லை. காற்றுப் பாதையோடு ஒட்டிய, மறுமுனை மூடிய பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டு அதுதான் ஒலிக்குழாய் என்று கழற்றினால் முடிவு தலைகீழாகும். அது இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்த ரெசனேற்றர். தடுப்புத் தகட்டை நோக்கிப் போகும் கிளையே நாம் தேடுவது.

இனி வழிகளுக்கு வருவோம். ஒன்றும் செய்யாமல் விடுவது முதல் வழி. சவ்வு நன்றாக இருந்து, முழக்கமும் தொந்தரவு தராவிட்டால் அதற்கு மேலான வழி இல்லை. வால்வுள்ள வண்டிகளில் மின் இணைப்பை மட்டும் கழற்றிவிடுவது இரண்டாவது. செலவே இல்லாத இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடியும். ஆனால் மின்சாரம் இல்லாதபோது வால்வு திறந்து நிற்குமா, மூடி நிற்குமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்; கணினியில் பிழைக் குறியீடும் பதியக்கூடும். அந்தக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானர் கையில் இருந்தால் செய்து பார்க்கலாம், நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, குழாயை எஞ்சின் பக்கத்தில் தொடாமல் பயணிகள் அறைப் பக்க முனையை மட்டும் அடைப்பது. சவ்வு நன்றாக இருந்தும் முழக்கம் தொந்தரவு தரும் காருக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது இதையே. அழுத்தம் தாங்கும் மூட்டு எதுவும் திறக்கப்படுவதில்லை. பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கலாம். முழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். முழுவதும் போகாது, ஏனென்றால் குழாயின் சுவரும் கொஞ்சம் அதிர்கிறது. அடைக்கும் பொருளில்தான் பலர் தவறுகிறார்கள். சமையலறை ஸ்பொஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தீயும் பிடிக்கும். நுண்ணறைகள் மூடிய இறப்பர் துண்டை முனையின் அளவுக்கு வெட்டிப் பொருத்துவது, அல்லது அதே விட்டமுள்ள இறப்பர் மூடியைப் போடுவது போதுமானது.

நான்காவது, முழுதாகக் கழற்றுவது. சவ்வு கிழிந்தவர்களுக்குப் புதிய பாகம் வாங்குவதைத் தவிர இதுவே மிஞ்சும் வழி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்க வேண்டும். சில கார்களில் வைப்பர் கைகளையும் கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடுபலகையையும் எடுத்தால்தான் தடுப்புத் தகட்டு முனைக்குக் கை போகும். எங்கள் வெயிலில் பல வருடம் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும் நிலையில் இருக்கும். மாற்றுக் கிளிப்புகள் சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மூடுபலகையைத் திரும்பப் போடும்போது அதன் கீழுள்ள வடிகால் துளைகளில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தண்ணீருக்கு வேறு வழி இல்லை, காருக்குள்தான் வரும்.

கழற்றிய பிறகு காற்றுப் பாதை ஓட்டைக்கு எதைப் போடுவது என்பதே இந்த ஒப்பீட்டின் மையம். ஒரு கணக்கைப் பாருங்கள். கிளையின் உள்விட்டம் 25 மில்லிமீற்றர் என்றால் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்ரிமீற்றர். ஒரு பார் பூஸ்டில் அந்த மூடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 49 நியூட்டன், அதாவது 5 கிலோ எடையின் அளவு. அது நிலையான விசையும் அல்ல; மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவது, கூடவே சூடேறி ஆறுவது, எண்ணெய்ப் படலத்தால் வழுக்குவது. ஹாட்வெயார் கடைப் பி.வி.சி. மூடியை ஒட்டியோ, கட்டையைச் செருகி ஹோஸ் கிளிப்பால் இறுக்கியோ விடுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வெப்பத்தில் பி.வி.சி. இளகும், கட்டை சுருங்கும், இரண்டும் ஓட்டத்தின் நடுவில் கழன்றுபோகக் கூடியவை. வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் கிளையில் ஒட்டிய துணுக்கு ஒன்று உள்ளே உறிஞ்சப்பட்டால், போவது டேர்போ. இந்த வழியை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

மிஞ்சுபவை இரண்டு. அந்த மாதிரி வண்டிக்கென்றே செய்து வெளிநாட்டில் விற்கும் அலுமினிய அடைப்பான் ஒன்று. அச்சொட்டாகப் பொருந்தும், தொழிற்சாலைக் கிளிப்பிலேயே பூட்டிக்கொள்ளும்; ஆனால் வந்துசேரக் காத்திருக்க வேண்டும், அல்லது லண்டனிலோ கனடாவிலோ இருந்து வரும் உறவினரின் பெட்டியில் இடம் கேட்க வேண்டும். மற்றது உள்ளூர் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து எடுப்பது. கழற்றிய குழாயின் முனையையே மாதிரியாகக் கொடுத்தால், நல்ல கடைசல்காரர் அதே வெளிவிளிம்பையும், கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தையும் அளந்து வெட்டித் தருவார். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு: கிளிப் பிடித்துக்கொள்ளும் விளிம்பு இருந்தே ஆக வேண்டும், வழவழப்பான உருளையாக வெட்டக் கூடாது, ஓ-ரிங் சாதாரண நைட்ரைல் இறப்பராக இல்லாமல் விற்றோனாக இருப்பது நல்லது, ஏனென்றால் நைட்ரைல் 100 பாகை செல்சியசைத் தாண்டி நீண்டகாலம் நிற்காது, விற்றோன் 200 பாகை வரை தாங்கும். வேலைப்பாட்டில் அக்கறையுள்ள பட்டறை அருகில் இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். பொருத்தம் பார்த்து, தேவையெனில் மீண்டும் ஒரு நூல் அளவு கடைந்து வாங்க முடிவது பெரிய வசதி.

தடுப்புத் தகட்டு ஓட்டையை விட்டுவிடுபவர்கள் அதிகம். எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான். அந்தத் தகடு தீயையும் புகையையும் தடுப்பதற்காக இருக்கிறது. எங்கோ புகைபோக்கி கசிந்தால் மணமற்ற காபன் மொனொக்சைட் அந்த வழியே உள்ளே வரும். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிய காரில் குழந்தைகள் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வருவார்கள். எலி நுழைந்து டாஷ்போர்டுக்குள் வயர் கடிப்பதும் இதே ஓட்டையால் நேரும். விளிம்பில் கவ்விக்கொள்ளும் வெப்பம் தாங்கும் இறப்பர் மூடியைப் போட்டு, உள்ளேயிருந்து டோர்ச் அடித்து வெளியே ஒளிக்கசிவு தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

குழாயே இல்லாமல் ஓசை உண்டாக்கும் வண்டிகளும் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. சிலவற்றில் முன் கண்ணாடியின் அடிப்பகுதித் தகட்டை அதிரச்செய்யும் மின்கருவி உள்ளது, 2011இன் பி.எம்.டபிள்யூ. எம்5 ஸ்பீக்கர்களின் வழியாகவே எஞ்சின் ஓசையைத் தருகிறது. இவற்றில் ஓட்டைப் பிரச்சினை இல்லை. இணைப்பைக் கழற்றுவதா, காரின் கணினியில் அமைப்பை மாற்றி நிறுத்துவதா என்பது மட்டுமே கேள்வி. கோல்ஃபில் கணினி வழியாக நிறுத்துவதே சுத்தமானது.

முழுதாகக் கழற்றியவர்கள் வேலை சரியா என்று சோதிக்கும் விதமும் கிளையின் இடத்தைப் பொறுத்தது. டேர்போவுக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவிலுள்ள மூடியில், எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் எதுவும் தெரியாது. அங்கே அப்போது பூஸ்ட் இல்லை. ஏற்றத்திலோ சுமையோடோ ஓட்டும்போது சீறல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மூடியைச் சுற்றி எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் கசிவு நிச்சயம். ஸ்கானரில் பி0299 என்ற குறியீடு வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று பொருள். த்ரொட்டிலுக்கு அப்பாலுள்ள மூடி கசிந்தால் ஐட்லிங் தடுமாறும், பெற்றோலுக்கு மிஞ்சிய காற்று என்று பொருள்படும் பி0171 வரலாம். எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கும் காற்றளவியின் கணக்கில் சேர்ந்த காற்று இடையில் கசிந்தால் பெற்றோல் கூடுதலாக எரிந்து, வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் உயர்ந்து நிற்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. ஆகவே கழற்றும் வேலையைப் பரிசோதனைத் திகதிக்கு முந்திய வாரத்தில் வைத்துக்கொள்ளாமல், கசிவு தெரிந்தால் திருத்த அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே செய்யுங்கள். கழற்றிய குழாயையும் கிளிப்புகளையும் இறப்பர் வளையத்தையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தால், காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்டாலும் கொடுக்கலாம்.