வில்லாலோபோஸின் ‘அல்காச்சோஃபா’: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

மினிமல் டெக்னோ (குறைந்த ஒலிகளை மட்டும் வைத்துச் செய்யும் மின்னணு நடன இசை) என்றாலே ஒரே தாளத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது என்று நினைப்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆல்பம் இது. இதைச் செய்த டி.ஜே.யும் இசைத் தயாரிப்பாளருமான ரிக்கார்டோ வில்லாலோபோஸ் 1970-இல் சிலியின் சாந்தியாகோவில் பிறந்தவர். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதிலேயே கொங்கா என்ற கையால் அடிக்கும் மேளம் பழகிய கை அவருடையது. மெஷினில் அடிக்கும்போதும் அந்தக் கை தெரிகிறது. 2003-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் பிளேஹவுஸ் லேபிளில் வந்த ‘அல்காச்சோஃபா’ அவருடைய முதல் முழு ஆல்பம். ஸ்பானிஷில் ஆர்ட்டிச்சோக் என்று பொருள், இதழ் இதழாக உரித்துத் தின்கிற காய். பொருத்தமான பெயர்.

முதல் ட்ராக் ‘ஈஸி லீ’ சுமார் 10 நிமிடம். கிக், அதாவது கனத்த டிரம் அடி, மாறாமல் நடக்கிறது. குரலை எந்திரச் சத்தமாக்கும் வோகோடரில் நசுங்கிய குரல் ஒன்று சொல் பிடிபடாமல் முனகுகிறது, தாளக்கட்டுக்குள் வந்து முடியாமல் வழிந்தோடுகிறது. கேட்பவர் மனசு அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டே இருக்கும். இந்தக் காத்திருப்புதான் பாட்டு. ‘டெக்ஸ்டர்’ இதைவிட இளகியது, சோகமானது. ஆல்பத்திலேயே அழகானதும் அதுதான்.

போன் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பாஸ் (அடியிலிருக்கும் கனத்த ஒலி) போய்விட்டால் இதில் மிஞ்சுவது டிக்டிக் சத்தம்தான். காதை மூடும் ஹெட்ஃபோன் போதும். 128 கேபிபிஎஸ் எம்பி3 வேண்டாம், ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜால்ரா) தண்ணீரில் நனைந்த மாதிரி குழையும், தரம் குறையாத ஃபிளாக் கோப்பை எடுங்கள்.

டி.ஜே.க்களுக்கு: ‘ஈஸி லீ’யில் குரலை வைத்து முதல் அடியைத் தேடினால் ஏமாறுவீர்கள், கிக்கையும் ஹை-ஹாட்டையும் வைத்து எண்ணுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பாஸை ஈக்யூவில் (கனத்த, மெல்லிய ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) முழுக்கக் குறைத்த பிறகே இதன் பாஸைத் திறக்க வேண்டும். இரண்டும் மோதினால் கிக் கரைந்து கொழகொழத்துவிடும். உள்ளே விட்டபின் 2 நிமிடத்தில் தூக்காதீர்கள், சின்னச் சின்ன ஒலிகள் மாறுவது தெரியவே அதற்கு மேல் ஆகும்.

இது பிடித்துவிட்டால், பால்கன் பித்தளை வாத்தியங்களை வைத்து 37 நிமிடம் நீளும் 2006-இன் ‘ஃபிட்ஸ்ஹொயர் ட்ஸீஹொயர்’ பாட்டைக் கேளுங்கள். இசைக்கலைஞர் மாக்ஸ் லோடர்பவருடன் சேர்ந்து, ஜாஸுக்குப் பெயர்போன ஈசிஎம் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளைப் பிரித்துக் கோத்த 2011 ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நடனத் தாளத்தைத் தேடினால் சலிப்புத்தான் வரும்.