எஃப்சிங்க் தோற்றால்: மறுபடி கூப்பிடுவதா, விழுந்துவிடுவதா?

ஆபீஸ் வேலைக்காக ஒரு சின்ன கீ-வேல்யூ ஸ்டோர் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் குட்டி டேட்டாபேஸ்) எழுதியபோது, எஃப்சிங்க் -1 திருப்பினால், அதாவது தோற்றால், என்ன செய்வது என்ற ஒரே கேள்வியில் இரண்டு நாள் போனது. எழுதியதை மெமரியிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளச் சொல்லி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலைக் கேட்கும் அழைப்புதான் எஃப்சிங்க். கோப்பில் எழுதும் ரைட் கால் பாதி எழுதிவிட்டு வந்தால் மீதியை எழுது, டிஸ்க்கில் இடமில்லை என்றால் டிரான்சாக்‌ஷனை ரத்து செய். அதில் பெரிய சண்டை இல்லை. எஃப்சிங்க்தான் ஆளைக் கவிழ்ப்பது.

முதல் வழி ரிட்ரை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே பல வருடம் அப்படித்தான் இருந்தது: செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டம்) தோற்றால் எரரைப் பதிந்துவிட்டு அடுத்து மறுபடி முயலும். இதன் ஓட்டை 2018இல்தான் அவர்கள் கண்ணில் பட்டது. லினக்ஸ் கர்னல் எழுத முடியாமல் போன பக்கத்தையும் (மெமரியில் இருக்கும் கோப்பின் ஒரு துண்டு) கிளீன், அதாவது டிஸ்க்கில் சேர்ந்தாயிற்று, என்று குறித்துவிடுகிறது. பிழையை ஒரு தடவை சொல்லும், அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்டால் எழுத எதுவும் பாக்கி இல்லையே, அதனால் 0 வரும். டேட்டாபேஸும் அதை நம்பி செக்பாயின்ட் முடிந்தது என்று மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைத்த பழைய லாகைக் கழித்துவிடும், அந்தத் தரவுக்கு இருந்த கடைசிப் பிரதியும் அதோடு போச்சு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் உடனே தெரியக்கூடத் தெரியாது. பக்கம் மெமரியில் இருக்கும்வரை படித்தால் புதியதுதான் வரும், அதை வைத்திருக்கும் பேஜ் கேச்சிலிருந்து அது வெளியேறிய பிறகுதான் டிஸ்க்கில் கிடக்கும் பழையது தலைகாட்டும்.

இரண்டாவது வழி பேனிக்: ப்ராசஸ் விழட்டும், லாகிலிருந்து மீண்டு வரட்டும். போஸ்ட்கிரெஸ் 2019 பிப்ரவரியில் 11.2 பதிப்பிலும் பழைய பதிப்புகளின் அப்டேட்களிலும் இதற்கு மாறியது. பழையபடி வேண்டுமென்றால் டேட்டா_சிங்க்_ரிட்ரை என்ற செட்டிங்கை நாமே ஆன் செய்யவேண்டும். நானும் பேனிக்தான் வைத்தேன். ஒரு கோப்பில் பிழை வந்ததற்கு எல்லா கனெக்‌ஷனும் அறுகிறதே என்று டீமில் புலம்பல் இருந்தது. சரி, அறுந்தால் திரும்ப இணையலாம்.

ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கத்தை டர்ட்டியாகவே, அதாவது இன்னும் எழுதவேண்டியதாகவே, வைத்திருக்கும், அங்கே ரிட்ரைக்கு அர்த்தம் உண்டு. ஆனால் நான் ஓட்டியது லினக்ஸில் மட்டும். பேஜ் கேச்சையே ஒதுக்கிவிட்டு டைரக்ட் ஐ/ஓ போவதையும் சும்மா தொட்டுப் பார்த்ததோடு சரி.

பேனிக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. லாக் கோப்பின் எஃப்சிங்கே தோற்றால், திரும்ப எழும் ப்ராசஸ் அதே பேஜ் கேச்சிலிருந்து லாகைப் படித்து, டிஸ்க்குக்கே போகாததைப் போனதாக எண்ணிக்கொள்ளும். அதனால் அந்த ஒரு நேரத்தில் மட்டும் என் ஸ்டோர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. யாராவது வந்து டிஸ்க்கைப் பார்க்கும்வரை படுத்தே கிடக்கும்.