மேலே வளர்வதா, வெளியே பரவுவதா: சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம்

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்து வரும் மூன்றாம் திட்டம் 2046 வரைக்குமானது. இந்த வருடம் எல்.கே.ஜி. சேரும் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், வாடகைக்கு வீடு தேடும் வரை எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று அதுதான் சொல்லும்.

திட்டத்தைத் தயாரிக்கும் சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முன்னால் இருக்கும் பெரிய வழிகள் இரண்டு. மெட்ரோ பாதைகளை ஒட்டி ஊருக்குள்ளேயே உயர்ந்து வளர்வது ஒன்று. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் எனச் சுற்றுவட்டாரத்தில் புதுநகரங்களை வளர்த்து, கூட்டத்தை அங்கே கொண்டுபோவது இன்னொன்று. திட்டத்தில் இரண்டுக்குமே இடம் இருக்கும். எதற்கு முதலில் பணமும் குழாயும் போகப்போகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியே போவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைச் சொன்னால் எல்லோருக்கும் பிடிக்கிறது. நிலம் மலிவு, சாலையை நேராகப் போடலாம், யார் வீட்டையும் இடிக்க வேண்டாம். பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசாணையும் வந்தது.

ஆனால் இது நாம் ஏற்கனவே செய்துபார்த்த வேலை. 1980-ல் தொடங்கிய மறைமலைநகர் அப்படி உருவான துணைநகரம்தான். தொழிற்சாலைகள் வந்தன. வேலை வந்த வேகத்தில் குடும்பங்கள் வரவில்லை. நல்ல பள்ளியும் ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் சென்னையில் இருக்கும்போது, வேலைக்கு மட்டும் அங்கே போய்விட்டுத் திரும்புவதே பலருக்குச் சரியாகப் பட்டது.

அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் வாழ்ந்தவர்களை 2000-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தோம். வீடு கிடைத்தது. வீட்டு வேலையும் மீன் விற்பனையும் பூ விற்பனையும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. விடியலுக்கு முன் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று, பிள்ளைகள் பாதியில் பள்ளியை விட்டார்கள். ‘வெளியே போய் வாழுங்கள்’ என்ற யோசனையை நகரத்தின் ஏழைகள் நமக்காகச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை எழுதாமல் எந்தத் திட்ட அறிக்கையும் முழுமையாகாது.

எதை முதலில் செய்வது என்பதிலும் நாம் தவறிக்கொண்டேதான் இருக்கிறோம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அதன் அருகே மின்சார ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை.

சரி, உள்ளே வளர்வது?

இதற்கு அடித்தளம் ஏற்கனவே இருக்கிறது. மெட்ரோ முதல் கட்டம் சுமார் 54 கிலோமீட்டர் ஓடுகிறது, இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டர் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு செலவு செய்து போட்ட பாதையின் இருபுறமும் இரண்டு மாடிக் கட்டிடங்களே நிற்க வேண்டும் என்றால், அந்தப் பணத்துக்கு அர்த்தமில்லை. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் சாதாரணக் கட்டிடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கின. அதாவது ஒரு கிரவுண்டு மனையில், அதைப்போல் இரண்டு மடங்கு பரப்புக்குக் கட்டலாம். உயர்மாடிகளுக்கு 3.25. அகலமான சாலை இருந்தால், கட்டணம் செலுத்தி மேலும் வாங்கலாம்.

இதில் இரண்டு இடங்களில் எனக்குப் பயம் இருக்கிறது. ஒன்று தண்ணீர். ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலையில் முதலில் கட்டிடம் வந்தது, குழாய் பல வருடம் கழித்துத்தான் எட்டிப்பார்த்தது. நடுவில் இருந்த காலமெல்லாம் டேங்கர் லாரிதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் பெரிதாக்காத தெருவில் மாடியை மட்டும் கூட்டினால், லாரிகள்தான் கூடும். மற்றொன்று வாடகை. ஸ்டேஷன் பக்கத்தில் அதிகம் கட்டலாம் என்றதும் நிலத்தின் விலை ஏறும், பழைய வீடுகளில் இருந்த வாடகைக் குடும்பங்கள் வெளியேறும். ரயில் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே ரயிலை விட்டுத் தூரம் போவார்கள். கூடுதல் மாடி கேட்பவர் அதில் ஒரு பங்கைச் சிறிய வீடுகளாகத் தர வேண்டும் என்ற நிபந்தனை திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இந்த இரண்டு குறைகளும் விதியாலும் செலவாலும் சரிசெய்யக்கூடியவை. வெளியே போவதில் உள்ள குறை அப்படிப்பட்டதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளின் நாடு. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. அந்தச் சங்கிலியின் நடுவே ஒரு லேஅவுட் வந்தால் மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும். காஞ்சிபுரம் அருகே திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் சொல்வதில் இதுவும் உண்டு. பள்ளிக்கரணையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்புநிலத்தைக் குப்பைமேடும் சாலையும் கட்டிடங்களும் தின்ற பிறகு, மிச்சமிருப்பதற்கு 2022-ல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில அங்கீகாரம் வாங்கினோம். சுற்றிலும் உள்ள தெருக்களில் மழைக்காலத்தில் இன்னும் படகு வருகிறது.

அதனால் என் வாக்கு உள்ளே வளர்வதற்கு. ஆறு புதுநகரங்களையும் ஒரே தட்டில் வைக்கவும் நான் ஒப்பமாட்டேன். செங்கல்பட்டு ரயில் சந்திப்பு, மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். காஞ்சிபுரத்துக்கு நெசவும் கோயிலும் ரயிலும் உண்டு. இரண்டுமே யாரும் திட்டம் போடாமலே பல நூற்றாண்டு நின்ற ஊர்கள், அவற்றுக்குச் செலவு செய்தால் தங்கும். மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. திருமழிசைக்கும் கிடையாது, இப்போது கட்டப்படும் மெட்ரோ பூந்தமல்லியோடு நின்றுவிடும். அங்கே தண்டவாளம் வரும்வரை மனை பிரிக்க அனுமதி தரக்கூடாது.

வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்ல மக்களுக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் முதலில் ஏரி, கலங்கல், உபரிநீர்க் கால்வாய் மூன்றையும் சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும், மஞ்சள் நிறக் குடியிருப்புப் பகுதியை அதற்கு அப்புறம்தான் தீட்ட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.