ஓலன்சபினா, அரிப்பிப்ரசோலா?

மனச்சிதைவு நோய்க்கு மருத்துவர்கள் பரவலாக எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் இவை இரண்டும் அடங்கும். என் தம்பி முதலில் ஓலன்சபின் எடுத்துக்கொண்டான். பிறகு மருத்துவருடன் கலந்து பேசி அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டுமே மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளின் மீது செயல்பட்டுத்தான் காதில் கேட்கும் குரல்களையும் காரணமற்ற சந்தேகங்களையும் தணிக்கின்றன. ஓலன்சபின் அந்த ஏற்பியை அடைத்துவிடுகிறது. அரிப்பிப்ரசோலோ அதில் அமர்ந்துகொண்டு, டோபமின் தருவதைவிடக் குறைவான தூண்டுதலைத் தருகிறது. பழைய மருந்தான ஹாலோபெரிடால் தரும் கைநடுக்கமும் தசை இறுக்கமும் இரண்டிலுமே குறைவு.

கொந்தளிப்பை அடக்கித் தூங்கவைப்பதில் ஓலன்சபினின் கைதான் ஓங்கியிருக்கும். 2005இல் வெளிவந்த மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்காவின் கேட்டி ஆய்வில் மருந்தை இடையில் கைவிட்டவர்கள் ஓலன்சபின் பிரிவில்தான் குறைவு. எடை மிக அதிகமாகக் கூடியதும் அதே பிரிவில்தான். (அரிப்பிப்ரசோல் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை.)

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்த எடைதான். ஓலன்சபின் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகள் சிலவற்றையும் அடைப்பதால் பசி அடங்குவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்திலேயே தம்பி சமையலறைக்குச் சென்று, மறுநாளைக்கு நீரூற்றி வைத்த சோற்றை வழித்துச் சாப்பிடுவான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கிடப்படும் நிலையில், அவன் அதை விரைவிலேயே தாண்டிவிட்டான். இம்மருந்தைத் தொடங்கும் முன்பும், மூன்றாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் எடை, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நோயே ஊக்கத்தைக் குலைத்துவிட்ட ஒருவரைக் காலையில் காப்பிகூடக் கொடுக்காமல் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துச் செல்வதும், மாலையில் நடைப்பயிற்சிக்குக் கிளப்புவதும் வீட்டாரின் தலையில்தான் விழும். சர்க்கரை ஏறிவிட்டால் அதற்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை தேவைப்படலாம். மாத்திரை விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரிப்பிப்ரசோலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு அதன் முக்கியமான பக்கவிளைவு. தம்பி பாதி இட்லியில் எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். இதை நோய் முற்றுவதாக எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பு மேலும் கூடும். அளவைக் குறைத்து, புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்த பிறகே அவனுக்கு அடங்கியது. அரிப்பிப்ரசோலின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 75 மணி என்பதால், இரத்தத்தில் நிலையான அளவை எட்ட இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே ஓலன்சபினைச் சட்டென்று நிறுத்தாமல், புதியதைத் தொடங்கியபின் படிப்படியாகக் குறைத்தார் மருத்துவர். சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு போன்ற உந்துதல்கள் எழக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. தம்பியிடம் அப்படி எதுவும் தென்படவில்லை.

எடை பழைய நிலைக்கு முழுவதும் திரும்பவில்லை, ஆனால் ஏறுவது நின்றுவிட்டது. ஓலன்சபினில் தெளிவாக இருந்து, சர்க்கரையும் கட்டுக்குள் உள்ளவருக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றும்போது நோய் மீண்டும் தலைதூக்கும் அபாயம் உண்டு. இரண்டு மருந்துகளுக்கும் குரல்கள் அடங்காதவர்களுக்கு, இரத்த வெள்ளணுக்களைத் தவறாமல் கண்காணித்தபடி, குளோசபின் என்ற வேறொரு மருந்தைத் தருவார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.